999 பேய்களும் 21,000 ரூபாயும்

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். என் ரூம்மேட் கையில் செல்லோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான். "மச்சி, ஒண்ணு கேப்பேன், திட்டக்கூடாது" என்றான். இவன் இப்படி ஆரம்பித்தாலே விவகாரம்தான்.

அவனுக்கு உயிரான ஒரு பாடகர் பெங்களூரில் கச்சேரி பண்ணுகிறார் (பெயர் வேண்டாமே, ஏற்கெனவே ரூமில் சண்டை). சாதா டிக்கெட் 1,500 ரூபாய். இவன் பார்த்துக்கொண்டிருந்தது அது இல்லை. கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், பாடகரோடு நிற்கவைத்து ஒரு போட்டோ. ஐம்பது பேருக்கு மட்டும். விலை 12,000 ரூபாய்.

பையன் சனி, ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவன். ஒரு நாளைக்கு 600 ரூபாயும் சாப்பாடும். அதுவும் முகூர்த்த நாளில்தான். ஆடியும் மார்கழியும் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. 12,000 என்றால் இருபது நாள் சாம்பார் வாளி தூக்கணும். "போகட்டுமா?" என்று கேட்டான். "லூசாடா நீ" என்றேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ரெண்டு நாளில் நானும் யோசித்தேன். அவன் காசு, அவன் ஆசை, எனக்கென்ன? ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும் :-)

இந்த மாதிரி வியாபாரத்தை ஒரு கலையாகவே செய்கிறவர்கள் அமெரிக்காவின் டிஸ்னிக்காரர்கள். கலிபோர்னியாவில் அனஹைம் ஊரில் இருக்கும் டிஸ்னிலேண்டில் 'ஹாண்டட் மேன்ஷன்' என்று ஒரு பேய் பங்களா இருக்கிறது. 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறந்தது. நம்ம ஊர் பொருட்காட்சியில் அட்டையில் எலும்புக்கூடு வரைந்து, உள்ளே ஒரு அண்ணன் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பாரே, அதனுடைய கோடீஸ்வர ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாக, சிப்பி மாதிரி வளைந்த வண்டியில் உட்கார்ந்தால் அது பங்களா முழுக்கச் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விட்டுவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ரெண்டு.

அந்த வண்டிகள் நிற்பதே இல்லை. ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சங்கிலி மாதிரி கோர்த்து, ஓடிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் நகரும் தளத்தில் நடந்தபடியே ஏறி, அப்படியே இறங்க வேண்டியதுதான். மணிக்கு 2,000 பேருக்கு மேல் பார்க்க முடியும் என்கிற கணக்கில் கட்டியது. அதாவது வந்தவர்கள் எல்லாரையும் எப்படியாவது உள்ளே விட்டுவிடணும் என்று யோசித்த ஒரு இன்ஜினியரின் மூளை அது. 

அப்புறம் கதை. அந்தப் பங்களாவில் 999 பேய்கள் குடியிருக்கின்றன, இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, வர்றீங்களா என்று உள்ளே ஒரு குரல் கூப்பிடும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக, வருகிற ஒவ்வொருத்தரையும் இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

2019இல் இந்தப் பங்களாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அதற்கு முந்தின ராத்திரி, ஆகஸ்ட் 8ஆம் தேதி, தனியாக ஒரு விழா வைத்தார்கள். அளவான எண்ணிக்கையில் டிக்கெட். ஒரு டிக்கெட் 299 டாலர். அந்த வருஷம் டிஸ்னிலேண்டுக்குள் ஒரு முழுநாள் சுற்றுவதற்கான டிக்கெட்டே கூட்டம் அதிகமான நாளில் 149 டாலர்தான். அதைப் போல ரெண்டு மடங்கு! ஆக, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் 299 டாலர் எடுத்துக்கொண்டு வரணும். பேய்க்கு என்ன, அது யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும். கவுண்டரில் இருக்கிறவர்தான் சேர்க்க மாட்டார்.

அன்றைய கணக்கில் 299 டாலர் என்பது சுமார் 21,000 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 229 ரூபாய். எங்கள் தர்மபுரிப் பக்கம் ஏரி வேலைக்குப் போன ஒரு அம்மா அந்தப் பேயைப் பார்க்கணும் என்றால் 92 நாள் மண் சுமக்கணும். நூறு நாளில் மிச்சம் எட்டு நாள்.

உடனே "டேய், அமெரிக்க விலையை நம்ம ஊர் கூலியால் வகுத்தால் எல்லாமே அநியாயமாத்தான் தெரியும்" என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், ஒத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில் 2019இல் ஓரளவு பெரிய கம்பெனிகள் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். அந்தக் கணக்கில் 25 மணி நேரம், அதாவது மூணு நாள் வேலை. மூணு நாள் கூலி ஒரு ராத்திரிக்கு. பரவாயில்லை என்று சிலருக்குத் தோணலாம். ஆனால் அந்த ஊரிலும் ஒரு ஆள் தனியாக அங்கே போவதில்லையே. பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள் என்று சேர்த்தால் பன்னிரண்டு நாள் கூலி.

விலை ஏறும் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பார்க்கில் ஹாலோவீன் பார்ட்டி என்று ஒன்று 1995இல் தொடங்கியது. அப்போது டிக்கெட் 16.95 டாலர். 2025இல் நாளைப் பொறுத்து 119லிருந்து 229 டாலர் வரை. ஹாலோவீன் வருவது அக்டோபர் 31இல். பார்ட்டியை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள், நம்ம துணிக்கடைகள் ஆனியிலேயே ஆடித் தள்ளுபடி போர்டு வைக்கிற மாதிரி. பார்ட்டி நாளில், சாதா டிக்கெட்டில் காலையிலிருந்து உள்ளே இருக்கிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடணும். அதற்கப்புறம் பார்க் வேறு ஆட்களுக்கு.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி. பத்தாம் வகுப்பில் எங்களை ஒரு பெரிய விளையாட்டுப் பூங்காவுக்கு டூர் கூட்டிப்போனார்கள். விடியற்காலை மூணு மணிக்குப் பள்ளி வாசலில் பஸ், புளிசாதம், வாந்தி, எல்லாம் உண்டு. அங்கே உயரத்திலிருந்து தலைகீழாகக் கொட்டுகிற ஒரு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். தகரக் கூரை. சுத்தி சுத்திப் போகிற கம்பித் தடுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்திலேயே இன்னொரு பாதை காலியாகக் கிடந்தது. கையில் வேறு நிறத்தில் பட்டை கட்டியவர்கள் அதில் ஜாலியாக நடந்துவந்து, ஏறி, இறங்கி, மறுபடி வந்து ஏறினார்கள். ஒரு பையன் மூணு தடவை ஏறினதை நாங்கள் எண்ணினோம்.

பி.டி. சாரிடம் கேட்டோம். "அவங்க காசு குடுத்தவங்கடா" என்றார். எங்கள் வகுப்பில் ஒருத்தன், "அப்ப நாம குடுக்கலையா சார்?" என்றான். சார் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றைக்கு வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் கணக்கு பளிச்சென்று தெரிகிறது. ராட்டினத்தில் இருக்கிற இருக்கை அதேதான். அது சுற்றுகிற வேகமும் அதேதான். பட்டை கட்டினவன் ஒருத்தன் முன்னால் ஏறினால், எங்களில் ஒருத்தன் ஒரு சுற்று பின்னால் போகிறான். அப்படியானால் பூங்காக்காரர் அந்தப் பையனுக்கு விற்றது எதை? எங்களுடைய நேரத்தை. எங்களைக் கேட்காமலே விற்று, காசையும் அவரே வைத்துக்கொண்டார். இன்னொன்றும் உண்டு. சாதா வரிசை நகர்ந்துகொண்டே இருந்தால் பட்டையை யார் வாங்குவார்கள்? நாங்கள் வெயிலில் நின்று வேர்த்ததுதான் அந்தப் பட்டைக்கு விளம்பரம்.

டிஸ்னியில் 1999இல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இத்தனை மணிக்குத் திரும்பி வா, சீக்கிரம் ஏறலாம் என்று ஒரு சீட்டு. இலவசம், எல்லாருக்கும் உண்டு. 2021இல் அதை நிறுத்திவிட்டு, அதே வேலையைச் செய்கிற காசுப் பாதையைத் திறந்தார்கள். இருபது வருஷம் சும்மா கொடுத்ததற்கு ஒரே நாளில் விலை வந்துவிட்டது!

நியாயமாக எழுதணும் என்றால் இதையும் சொல்லணும். அந்தக் காலத்திலும் அங்கே எல்லாம் ஒரே விலை கிடையாது. 1982 வரைக்கும் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகம் இருந்தது. பெரிய விளையாட்டுகளுக்கு 'ஈ' சீட்டு, அதுதான் விலை அதிகம். பேய் பங்களாவும் ஈ சீட்டுதான். அதனால் "அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் ஈ சீட்டு வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். நல்ல பொருளுக்கு அதிக விலை என்பது எனக்குப் புரிகிறது, அது கடை. அடுத்தவன் கண்ணில் படாமல் இருப்பதற்கு விலை என்பதுதான் இடிக்கிறது.

பிறந்தநாள் விழாவில் இது இன்னும் கேவலமாக எனக்குப் படுகிறது. அந்தப் பங்களா ஐம்பது வருஷம் நின்றதற்குக் காரணம் யார்? திரும்பத் திரும்ப வந்தவர்கள், வந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கதை சொன்னவர்கள், அந்தப் பிள்ளைகளையும் கூட்டிவந்தவர்கள். பாட்டிக்கு எண்பதாம் வயது விழா எடுத்து, பேரன் பேத்திகளிடமே "ஆளுக்கு இவ்வளவு, முதல் இருபது பேருக்கு மட்டும் அனுமதி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? "மொய் வைக்கலையா?" என்று கேட்பீர்கள். மொய் வேறங்க. ஐயாயிரம் மொய் எழுதினவருக்கும் நூற்றியொன்று எழுதினவருக்கும் பந்தியில் ஒரே இலை, ஒரே பாயாசம். இதில் என் ரூம்மேட்தான் நிபுணன், அவனைக் கேட்டுப் பாருங்கள். இடம் பத்தாவிட்டால் அடுத்த பந்தி. நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவர் எப்போது மோர் ஊற்றிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். (முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்காருவது உண்மைதான். அதற்கு நம்ம ஊரில் நடந்த சண்டைகளைத் தனியாகவே எழுதலாம்.)

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்லும்? கூட்டத்தைக் குறைக்கத்தானே வேணும், இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவான் என்று சொல்லும். இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. 2023 ஜனவரி 11இல் துணிவு படத்தின் நள்ளிரவுக் காட்சி. கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு ரசிகர் விழுந்து இறந்தார். 2024 டிசம்பர் 4இல் ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் புஷ்பா 2 சிறப்புக் காட்சி. நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அதே வருஷம் அக்டோபர் 6இல் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 கரூர். 41 பேர். எங்கள் ஊரிலிருந்து ரெண்டு, மூணு மணி நேரப் பயணம்தான். அன்றைக்கு ராத்திரி எங்கள் ஹாஸ்டலில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அதனால் எண்ணிக்கைக்கு அளவு வேணும், கண்டிப்பாக வேணும். அந்த அளவுக்குள் யார் வருவது என்பதைப் பர்ஸ் முடிவு பண்ணணுமா என்பதுதான் என் கேள்வி. அளவு வேறு, விலை வேறு. இந்த ரெண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு நம்மிடம் விற்கிறார்கள்.

விலை இல்லாமல் அளவு மட்டும் வைக்க முடியுமா? நம்ம ஊரிலேயே நடந்திருக்கிறது. 2017 மே 15 முதல் 19 வரை ரஜினி கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் ரசிகர்களைச் சந்தித்தார். மாவட்ட வாரியாகப் பிரித்து, பாஸ் கொடுத்து, ஒவ்வொருத்தரோடும் நின்று போட்டோ. டிசம்பர் கடைசியில் மறுபடியும் ஆறு நாள். அந்த ஆறாம் நாள்தான் அரசியலுக்கு வருவதாகச் சொன்னார், 2020 டிசம்பரில் வரவில்லை என்றும் சொன்னார், அது கிடக்கட்டும். போட்டோவுக்குக் காசு வாங்கவில்லை, நான் சொல்லவந்தது அதைத்தான். மன்றத்தில் செல்வாக்கு இல்லாத ரசிகனுக்கு பாஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதும் எனக்குத் தெரியும். சிபாரிசும் ஒரு வகை விலைதான். ஆனாலும் கட்டடம் கட்டுகிற கொத்தனாரும் பூக்கட்டுகிற அண்ணனும் அந்த வரிசையில் நிற்க முடிந்தது. போட்டோவுக்கு 12,000 என்று வைத்திருந்தால் அவர்கள் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு உதாரணம் எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஒகேனக்கல். காவிரியில் தண்ணீர் கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று சேதி வந்தால் முடிந்தது கதை. கார் எத்தனை லட்ச ரூபாய் கார் என்று ஆறு பார்ப்பதில்லை. மற்ற நாளில் ஒரு பரிசலில் இத்தனை பேர்தான், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், எல்லாருக்கும் ஒரே அருவி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, மீன் வறுவல் வாசனையில் வரிசை நகரவே நகராது. அந்தப் பரிசல் விலையும் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காசு கூடக் கொடுத்தால் அருவிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோகிற 'பிளாட்டினம் பரிசல்' இன்னும் வரவில்லை. (யாரும் ஐடியா கொடுத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.)

விலை மட்டும் வைத்து அளவை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 10, ஈ.சி.ஆர். பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்டில் நடக்கவேண்டியது, மழையால் தள்ளிப்போனது. சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று நகைக்கடை மாதிரி வகைவகையாக டிக்கெட். அன்றைக்கு இடத்துக்கு மேல் ஆள். உசத்தி டிக்கெட் வாங்கினவர்களே வாசலோடு திரும்பினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள், கூட்டத்தில் சீண்டலுக்கு ஆளான பெண்கள் என்று மறுநாள் முழுக்க அதே பேச்சு. உள்ளே வரமுடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்கவேண்டிவந்தது. அந்த டிக்கெட் விலையில் பாதுகாப்பும் அடக்கம் என்றுதானே ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்?

இப்போது 2025 டிசம்பர் 13, கொல்கத்தா. மெஸ்ஸி வந்தார். சால்ட் லேக் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டோடு ஜனங்கள் காத்திருந்தார்கள். அவரைச் சுற்றி அமைச்சர், அதிகாரி, அவர்களுடைய உறவுக்காரர்கள் என்று ஒரு வளையம். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வளையத்தின் முதுகுதான் தெரிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கிளம்பிவிட்டார். நாற்காலியைப் பிய்த்து எறிந்தார்கள். முக்கிய ஏற்பாட்டாளரைப் போலீஸ் கைது செய்தது. அதே பயணத்தில் ஹைதராபாத் ஃபலக்னுமா அரண்மனையில் அவரோடு ஒரு போட்டோவுக்குச் சுமார் பத்து லட்ச ரூபாய், நூறு பேருக்கு மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். பத்து லட்சம்! எங்கள் ஊரில் அதற்கு ஒரு வீட்டு மனை வாங்கலாம்.

கொல்கத்தாவில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மாதிரி வியாபாரத்தில் கடைசி வளையம் என்று ஒன்று கிடையவே கிடையாது. சாதா டிக்கெட்காரனுக்கு முன்னால் கோல்டு, கோல்டுக்கு முன்னால் பிளாட்டினம், பிளாட்டினத்துக்கு முன்னால் போட்டோ டிக்கெட், அதற்கும் முன்னால் காசே கொடுக்காத மந்திரி வீட்டுப் பையன். நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் உங்களுக்கு முன்னால் ஒரு முதுகு இருக்கும்.

இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்கள் பாதிப் பேர் திருப்பதியை நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். சர்வ தரிசனம் இலவசம், 300 ரூபாய்க்கு சிறப்பு நுழைவு, ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் நன்கொடை கொடுத்தால் 500 ரூபாய் டிக்கெட்டில் பிரேக் தரிசனம். எங்கள் பாட்டி ஒவ்வொரு தடவையும் இலவச வரிசையில்தான் போகும். கூண்டுக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்து, யார் யாரோ ஊர்க்காரர்களோடு பேசி, ரெண்டு பேருக்கு வரன் சொல்லிவிட்டு வரும். "காசு குடுத்தா சாமி திரும்பிப் பாக்குமா?" என்று கேட்கும். பாட்டிக்கு அந்தக் கூண்டும் தரிசனத்தில் சேர்த்திதான். ஆனால் முட்டிவலி வந்தபிறகு போன தடவை அப்பா 300 ரூபாய் டிக்கெட் எடுத்தார். பாட்டி மறுபேச்சு பேசவில்லை. அதனால் காசுப் பாதையில் போகிறவன் எல்லாம் கெட்டவன் என்று நான் எழுதமுடியாது. எங்கள் வீட்டிலேயே உதைப்பார்கள்.

கடைசியாக ஒரு வாதம் பாக்கி. பணக்காரன் அதிகம் கொடுத்தால் சாதா டிக்கெட் விலை குறையுமே என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரயிலில் ஏசி வகுப்புக்காரர் கொடுக்கிற காசில் அன்ரிசர்வ்டு பெட்டி ஓடுகிறது என்றால் நம்பலாம், அது கவர்மெண்டு. பார்க்கிலும் கச்சேரியிலும் அப்படி நடந்ததற்கு அடையாளம் காணோம். டிஸ்னிலேண்டில் ராத்திரி விழாக்களும் காசுப் பாதைகளும் பெருகின அதே வருஷங்களில் பகல் டிக்கெட்டும் சேர்ந்து ஏறிக்கொண்டேதான் இருந்தது. மேல் வகுப்பு விலை ஏறினால் கீழ் வகுப்பு "அதைவிட இது மலிவு" என்று தோணும். அவ்வளவுதான் நடக்கிறது. என் ரூம்மேட்டே 1,500 ரூபாய் டிக்கெட்டை "சாதா" என்று சொன்னான், கவனித்தீர்களா? இரண்டரை நாள் பந்திக் கூலி அது. 12,000க்குப் பக்கத்தில் வைத்ததால் சாதாவாகிவிட்டது.

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த எளிய வழி குலுக்கல். ஐம்பது பேரோடுதான் போட்டோ என்றால், டிக்கெட் வாங்கின எல்லாருடைய நம்பரையும் போட்டு ஐம்பதை எடுங்கள். பங்களாவுக்குப் பிறந்தநாள் என்றால், பகல் டிக்கெட் விலையிலேயே அளவான சீட்டு வைத்து, அதைக் குலுக்கிக் கொடுங்கள். நம்ம ஊர் குலுக்குச்சீட்டுக்கே மாதாமாதம் குலுக்கத் தெரிந்திருக்கிறது, இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும். லாபம் குறையும், அதனால் செய்வதில்லை. அதை நேராகச் சொல்லிவிட்டால்கூட எனக்குக் கோபம் வராது. "உண்மையான ரசிகர்களுக்காக" என்று போஸ்டரில் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வருகிறது.

ரூம்மேட் கடைசியில் போய்விட்டு வந்தான். என்னிடம் சொல்லவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து கதவைத் தட்டினான். நானும் எதுவும் கேட்காமல் டீ வாங்கிக்கொடுத்தேன். அவனாகவே ஆரம்பித்தான். ஒன்றரை மணி நேரம் ஒரு தாழ்வாரத்தில் நிற்கவைத்தார்களாம். இவனுக்கு முன்னால் நின்றவருக்கு அந்தப் பாடகரின் ரெண்டு பாட்டுக்கு மேல் தெரியவில்லையாம், ஆபீஸில் யாரோ பாஸ் கொடுத்தார்கள் என்று வந்தவராம். இவன் பத்து வருஷமாகக் கேட்கிறவன். போனால் என்ன பேசணும் என்று மூணு வரி எழுதிப் பையில் வைத்திருந்தான்.

"பேசினியா?"

"இல்ல மச்சி. 'ஹாய் ப்ரோ'ன்னார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பக்கத்துல நின்னவர் 'நெக்ஸ்ட்'னுட்டார்."

"எவ்ளோ நேரம்?"

"நாலு செகண்டு இருக்கும்."

எனக்கு வாய்வரை வந்தது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று. அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தான், பாவி. "கை போட்டாரு மச்சி, தோள்ல. எனக்கு அது போதும்டா" என்றான். இவ்வளவு நேரம் நான் அடுக்கின கணக்கில் அந்தக் கையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டோ மறுநாள் செல்லுக்கு வந்தது. பாடகர் பளிச்சென்று சிரிக்கிறார். இவன் கண்ணை மூடியிருக்கிறான். அதையே வால்பேப்பராக வைத்திருக்கிறான். இந்த ஞாயிறு காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம், பந்திக்குப் போகிறான். மூடின கண்ணைத் திறந்த மாதிரி மாற்றித் தருகிற ஆப் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டிருக்கிறான். தேடிக்கொண்டிருக்கிறேன்.